நிறைக்கேற்ற பலகை

“மாமா, உங்கள் வீட்டிலுள்ள எல்லோருடைய நிறையையும் கிலோக்கணக்கிற் சரியாக எழுதி அனுப்புங்கள்.”

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில், கனடாவிலுள்ள எமது மருமகன் இவ்வாறு கேட்டபோது நாம் சற்றுத் திகைத்தோம். உடுப்பு அனுப்புவோர் உயரத்தைக் கேட்பதுண்டு; சப்பாத்து அனுப்புவோர் பாதத்தின் அளவைக் கேட்பதுண்டு. நிறையைக் கேட்டு எவரும் எதனையும் அனுப்பியதாக நாம் அறியோம். ஆகஸ்ட் விடுமுறைக்கு அவன் வருவதென்றும், எல்லோருமாகத் திருகோணமலைக்குச் செல்வதென்றும் முன்னரே முடிவாகியிருந்தது. அப்பிரயாணத்துக்கும் எமது நிறைக்கும் யாது சம்பந்தமென்பது விளங்கவில்லை. எனினும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போனோம். மா மூடை நிறுக்கும் தராசில் நாம் 72 கிலோ. பதினாறு வயது மகன் 57. பதின்மூன்று வயது மகள் 41. துணைவியார் தராசின் பக்கமே வரவில்லை. தம்முடைய நிறை கனடாவுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை என்பது அவரது கட்சி.

சில நாட்களின் பின் மருமகன் தொலைபேசியில் விளக்கம் தந்தான். ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளிற் கோடைகாலத்தில் ஒரு விளையாட்டு நடைபெறுகின்றது. பாரமான இயந்திரப் படகொன்று மிதமான வேகத்திற் செல்ல, அதன் பின்னே எழும் அலையின்மீது ஒருவர் சிறு பலகையில் நின்று வருகின்றார். எழுந்து நிற்கும் வரைக்குமே அவருக்குக் கயிறு துணை. நின்றபின் கயிற்றைக் கைவிட்டுவிடுகின்றார். அலையே அவரைத் தள்ளிச் செல்கின்றது. இதற்கு வேக்சர்ப் என்று பெயர். படகலைச் சவாரி என்று நாம் தமிழிற் சொல்லிக்கொண்டோம். திருகோணமலைத் துறைமுகத்தில் இவ்விளையாட்டை எமது பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டுமென்பது அவனுடைய ஆசை. அதற்காகவே பலகை, பலகைக்காகவே நிறை.

பலகை தெரிவதில் இத்தனை கவனம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். படகின் பின்னாற் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சறுக்கும் விளையாட்டிலே கயிறு இறுதிவரை இழுத்துக்கொண்டே இருக்கும். பலகையின் அளவிற் சிறு பிழை இருப்பினும் கயிறு அதனை மறைத்துவிடும். படகலைச் சவாரியிலோ கயிறு இல்லை. படகு மணிக்கு 16 முதல் 19 கிலோமீற்றர் வரையான வேகத்திலேயே செல்லும். அலையும் அதே வேகத்திற் பின்தொடரும். அவ்வேகத்திற் பலகையின் அடியிலே மோதும் நீர், தன்மீது நிற்பவரை மேலே உந்தித் தாங்கவேண்டும். வேகத்தை ஆளுக்கேற்ப வெகுவாகக் கூட்டிக் குறைக்க வழியில்லை. அவ்வாறு செய்தால் அலையின் உருவமே கெட்டுவிடும். ஆகவே ஆள் பாரமாயின் பலகையின் பரப்பையே கூட்டவேண்டும். பாரமானவர் சிறு பலகையில் ஏறினால், அது நீருக்குள் அமிழ்ந்து, அலையின் முதுகுக்குப் பின்னாற் பின்தங்கிவிடும். இலேசானவர் பெரும் பலகையில் ஏறினால் அது அவரைத் தாங்கும். ஆனால், அவர் சொல்வதைக் கேளாது. திரும்புவதற்குக் காலால் அழுத்தினாலும் திரும்பமாட்டாது; முனை நீரிற் குத்தி ஆளைத் தூக்கி எறிவதும் உண்டு.

கடைக்காரர் இதற்கென அட்டவணை வைத்திருக்கின்றனர். பொதுவாக 60 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 4 அடியை ஒட்டிய பலகை. 80 கிலோ வரையுள்ளவருக்கு நாலரை அடியை ஒட்டியது. அதற்கு மேற்பட்டவருக்கு 5 அடியும் அதற்குக் கூடவும். செய்பவருக்குச் செய்பவர் சில அங்குலம் வேறுபடும். அடியிற் பெரிய செட்டைகள் பூட்டிய தடித்த பலகை அலையை இறுகப் பற்றிக்கொள்ளுமாதலாற் புதிதாகப் பழகுவோருக்கு உகந்தது. சிறு செட்டையுள்ள மெல்லிய பலகை வழுக்கிச் சுழன்று வித்தை காட்டுவோருக்கு உரியது. உயரத்தைவிட நிறையே முக்கியம் என்பதும் கவனிக்கத்தக்கது. நெட்டையான மெலிந்த இளைஞனுக்கும் குட்டையான பருத்த மனிதருக்கும் ஒரே பலகை பொருந்தக்கூடும்.

விமானத்தில் ஒரு பலகையே கொண்டுவர இயலுமென்றான் மருமகன். அவனோ 88 கிலோ. 41 முதல் 88 வரை பரந்து கிடக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு பலகை! ஈற்றில், பாரமானவரை மனத்திற்கொண்டே 5 அடிப் பலகையை வாங்கினான். பெரிய பலகை சிறியவருக்குச் சங்கடத்தைக் கொடுக்கும், சிறிய பலகையோ பெரியவரைத் தாங்கவே மாட்டாது என்பது அவனது நியாயம். பலர் பகிர்ந்துகொள்ளும் பலகைக்கு அந்த நியாயம் சரியென்றே இன்றும் எண்ணுகின்றோம்.

வவுனியாவுக்கூடாக, ஹொரவப்பொத்தானைப் பாதையிலே திருகோணமலையை அடைந்தோம். கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் அள்ளிக் குளித்தாயிற்று. கோட்டை வாயிலில் மான்கள் அச்சமின்றி வந்து மகளின் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்தன. கோணேசப் பெருமானைத் தரிசித்துவிட்டுப் பாறையின் ஓரத்தில் நின்றபோது, ஒருபுறத்திலே கரைகாணாக் கடலும் மறுபுறத்தில் மலைகள் சூழ்ந்த துறைமுகமும் ஒருங்கே தோன்றின. தெற்கே கொட்டியாரக்குடா. 335 கிலோமீற்றர் நடந்து களைத்த மகாவலி கங்கை அங்கேதான் கடலிற் சேர்கின்றது.

இத்துறைமுகத்தின் சிறப்பெல்லாம் அதன் அசையாத் தன்மையே. வெளியிற் புயல் அடிக்கும்போதும் உள்ளே கப்பல்கள் உறங்கலாம். அந்த உறக்கத்துக்காகவே அந்நியர் பலர் இதற்காகப் போரிட்டனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்டபின், 1782 இற் பிரெஞ்சுக் கடற்படை இதனைப் பிடித்தது. 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1957 இலேதான் ஆங்கிலக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. இத்தனை பேரும் விரும்பிய அமைதியான நீர், எமது மருமகனுக்கு ஒரு குறையாகவே தோன்றியது. “அலை இல்லையே, மாமா!” என்றான். பின்னர் தானே சிரித்து, “அதற்குத்தானே படகு” என்றான்.

அன்றிரவு விடுதி அறையில் நாம் பௌதிகவியல் ஆசிரியராகிவிட்டோம். தொழில் விடுமுறையிலும் விடுவதில்லை. பலகையின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றை அளந்து, முனைகள் ஒடுங்குவதற்கு ஒரு பங்கைக் கழித்துப் பார்த்தபோது அதன் கனவளவு ஏறத்தாழ 25 லீற்றர் என்று வந்தது. ஆக்கிமிடீசின் விதிப்படி, முழுவதும் அமிழ்ந்தாலும் அது கடல்நீரில் 25 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாரத்தையே தாங்கும்; பலகையின் சொந்த நிறையைக் கழித்தால் இன்னும் குறைவு. நின்ற நீரில் எமது மகள்கூட அதன்மேல் நிற்க முடியாது! ஓட்டமே அதற்கு உயிர். மணிக்கு 18 கிலோமீற்றர் செல்லும் படகின் பின்னே நேராகத் தொடரும் அலையின் முடிக்கும் முடிக்கும் இடையில் ஏறத்தாழ 16 மீற்றர் இருக்குமென்றும் கணக்கிட்டோம். கெல்வின் பிரபு 1887 இல் விளக்கிய உண்மையொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஆழமான நீரிற் செல்லும் கப்பலாயினும் குளத்தில் நீந்தும் தாராவாயினும், பின்னே விரியும் அலைவடிவின் கோணம் பக்கத்துக்கு ஏறத்தாழ 19½ பாகையே. மகன் கொட்டாவி விட்டான். மகள் மாத்திரம், தாராவின் பின்னாற் சவாரி செய்ய எத்தனை அடிப் பலகை வேண்டுமென்று கேட்டாள்.

மறுநாள் விடியற்காலையிற் கரைக்குச் சென்றோம். அக்காலத்தில் வெயில் ஏறினாற் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும்; ஆதலால் விடியற்பொழுதே நல்லது. துறைமுகத்தின் உட்பகுதியிற் கடற்படையின் கட்டுப்பாடு உண்டென்பதால், எவ்வெல்லைக்குள் போகலாமென்பதை அறிந்த ஒரு சம்மாட்டியாரை விடுதிக்காரர் ஒழுங்குசெய்து தந்திருந்தார். அறுபது வயதிருக்கும். பதினெட்டு அடிப் பைபர்ப் படகு. அதன் பின்புறத்தில் 25 குதிரைவலு இயந்திரம் தொங்கியது. பேசிய தொகையை முன்கூட்டியே கொடுத்திருந்தோம்.

அவர் முதலிற் பார்த்தது பலகையை அன்று. மகள் அணிந்திருந்த உயிர்காப்பு அங்கியையே. அதன் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கினார். அங்கி அவளுடைய காதுவரை ஏறிவந்தது.

“இது பெரியாக்களுக்குத் தைச்சது. தண்ணிக்குள்ள விழுந்தா அங்கி மிதக்கும், பிள்ளை கீழால போயிடும். கழற்று, மகள்.”

நாம் வெட்கினோம். பலகைக்கு நிறை பார்த்த நாம் அங்கிக்குப் பார்க்கவில்லை. அங்கியும் நிறையளவு குறித்தே செய்யப்படுகின்றது. உள்ளே துணித்துண்டிற் பொறித்திருக்கும் கிலோ அளவை வாசித்திருந்தாற் போதும். சம்மாட்டியார் அண்டை வீட்டிலிருந்து சிறிய அங்கியொன்றைக் கொண்டுவரச் செய்து, தாமே வார்களை இறுக்கிவிட்டார்.

பின்னர் மருமகன் தன் விளையாட்டை விபரித்தான். படகின் பின்புறத்திலிருந்து ஆறேழு அடி தூரத்தில் அலையின்மேல் நிற்பதென்றும், விழுந்தாற் படகு திரும்பி வந்து ஏற்றுவதென்றும் கையாற் காட்டினான். சம்மாட்டியார் ஒன்றும் பேசாமற் கேட்டார். முடிந்ததும், “ஏலாது, தம்பி” என்றார்.

ஏனென்று கேட்டோம், சற்றுக் கடுமையாகவே கேட்டோம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். பணம் கொடுத்தாயிற்று, பிள்ளைகள் ஆவலோடு நிற்கின்றனர், பலகை கண்டம் விட்டுக் கண்டம் வந்திருக்கின்றது. இவர் கூலியைக் கூட்டவே இப்படிச் சொல்கிறார் என்றும் ஒரு கணம் எண்ணினோம்.

“ஐயா, ஒண்டு, இந்தப் படகு தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு போற படகு, தள்ளிக்கொண்டு போற படகு இல்லை. நீங்க கேக்கிற அலை இதுக்குப் பின்னால வராது. மற்றது, இஞ்ச வாங்க.”

படகின் பின்புறத்துக்கு எம்மை அழைத்து, இயந்திரத்தை நீருக்கு மேலே சாய்த்தார். மூன்று இதழ் விசிறி வெயிலிற் பளபளத்தது. அது படகின் உடலுக்கு வெளியே, பின்னே நீட்டிக்கொண்டு நின்றது. மருமகன் நிற்கப்போவதாகச் சொன்ன இடத்துக்கும் அதற்கும் இடையில் வெறும் நீரே இருந்தது. சம்மாட்டியார் சாரத்தைச் சிறிது உயர்த்தி இடது காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே சாண் நீளத்துக்குக் குழிந்த தழும்பு. பத்தொன்பது வயதில், விசிறியிற் சிக்கிய வலையை எடுக்கக் கடலுக்குள் இறங்கியபோது, இயந்திரம் நின்றுவிட்டதென்று எண்ணினாராம், அது நிற்கவில்லை.

“இது பெரிய பலகை, சின்னப் பலகை பார்க்காது, ஐயா.”

நாம் வாயடைத்து நின்றோம். பலகையின் கனவளவைக் கண்டோம். அலையின் நீளத்தைக் கண்டோம். அதன் கோணத்தையும் கண்டோம். விசிறி எங்கே இருக்கின்றதென்று ஒரு தரமேனும் கேட்டோமில்லை. மருமகனின் முகமும் வெளிறிவிட்டது. ஒன்ராறியோவில் அவன் சவாரி செய்த படகில் விசிறி எங்கே இருந்ததென்று சொல்லத் தெரியவில்லை. தான் பார்த்ததேயில்லை என்றான். அன்றிரவே தேடிப் படித்தோம். இவ்விளையாட்டுக்கென அமைந்த படகுகளில் இயந்திரம் உள்ளே இருக்கும். விசிறி படகின் அடியில், பின்விளிம்புக்கு முன்னாலேயே சுழலும். பின்னால் விழுபவர் அதனைத் தொடமாட்டார். படகுகளும் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரமுடையவை; அது போதாதென்று வயிற்றிலே நீரை நிரப்பி மேலும் அமிழ்த்துவார்கள். அமிழ்ந்த படகே நீரைத் தள்ளிப் பெரிய அலையை எழுப்பும். விசிறி வெளியே பின்னால் நீண்டிருக்கும் படகின் பின்னே இவ்விளையாட்டை ஒருபோதும் ஆடலாகாதென்பது அதன் முதல் விதி. பலகையின் அட்டவணையை வரிக்கு வரி படித்த நாம் அவ்விதியைப் படிக்காமலே கரைக்கு வந்திருந்தோம்.

சம்மாட்டியார் பணத்தைத் திருப்பித் தந்தார். வாங்க மறுத்தோம். “அப்ப ஏறுங்க, துறையைச் சுத்திக் காட்டுறன்” என்றார். பலகையைக் கரையில் வைத்துவிட்டு ஏறினோம். மரங்கள் நீர்விளிம்புவரை இறங்கி நிற்கும் அமைதியான குடாக்களைக் காட்டியபடி அவர் பேசிக்கொண்டே வந்தார். மருமகனின் மனக்குறையைப் போக்க எண்ணினாரோ என்னவோ, தம் தந்தையாரின் கட்டுமரத்தைப் பற்றிச் சொன்னார். கட்டைகளைப் பிரித்துக் கரையில் உலரவைத்து, மறுநாள் மீண்டும் கட்டுவார்களாம். ஒருவர் போவதாயின் மூன்று கட்டை; இருவரும் வலையும் போவதாயின் மேலும் கட்டைகள் சேரும். “ஆளைப் பார்த்துத்தான் கட்டை” என்றார்.

அச்சொல்லைக் கேட்டதும் எமக்கு ஹவாய்த் தீவு நினைவுக்கு வந்தது. அலைமீது பலகையில் நின்று விளையாடும் கலை செழித்து வளர்ந்த இடம் அது. அங்கே ஓலோ என்னும் மிக நீண்ட பலகை தலைவர்களுக்கே உரியது. அலாயா என்னும் குறும் பலகை எல்லோருக்கும் பொது. பாக்கி என்னும் பேருருவம் படைத்த தலைவர் ஏறிய பலகை ஏறக்குறைய 16 அடி நீளமுடையது. ஹொனலூலு நகரத்துப் பிஷப் நூதனசாலையில் அதனைப் பேணி வைத்திருக்கின்றனர். ஓலோப் பலகை செய்ய விலிவிலி என்னும் இலேசான மரத்தை விரும்பினர். அது வேறொன்றுமன்று, எமது கலியாண வீடுகளிற் கன்னிக்காலாக நாட்டும் முள்முருக்கின் இனமே. இதனைச் சொன்னபோது சம்மாட்டியார் நம்பாதவர்போற் சிரித்தார். அதற்குப் பதிலாக, திருகோணமலையின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டென்று தாம் அறிந்ததைச் சொன்னார். ஹல்மில்ல என்று சிங்களவர் சொல்லும் வைரமான மரமே அது. முன்னாளிற் சென்னைக் கரையின் அலைகளைத் தாண்டிய மசுலாப் படகுகளுக்கு இங்கிருந்தே அம்மரம் சென்றதாக நாமும் படித்திருக்கின்றோம். பலகைக்கு இலேசான மரம், படகுக்கு உரமான மரம். இரண்டையும் கடலே கற்பித்திருக்கின்றது.

மறுநாள் உப்புவெளிக் கரைக்குப் பலகையைக் கொண்டுபோனோம். பொத்துவிலை அடுத்த அறுகம்பேயிலே எழுவன போன்ற பேரலைகள் இங்கில்லை. அறுகம்பேயிலும் புதிதாகப் பழகுவோருக்கு 8, 9 அடிப் பலகைகளையே கொடுப்பார்கள். கையால் வலித்து அலையைப் பிடிப்பதற்கு மிதப்பு மிகுதியும் வேண்டும். எமது 5 அடிப் பலகையில் மருமகன் குப்புறப் படுத்ததும் அது அவனோடு நீருக்குள் இறங்கிவிட்டது. கையால் எவ்வளவு வலித்தும் அலை அவனைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. நாம் ஏறினோம், அதே கதி. மகன் இரண்டு தரம் சிறிது தூரம் வந்தான்.

ஆழம் குறைந்த இடத்திற் காலைக் கீறாதிருக்கச் செட்டைகளைக் கழற்றிவிட்டு, இடுப்பளவு நீரில் மகளைப் படுக்கவைத்தோம். படுத்துக்கொண்டால் உடம்பின் பெரும்பகுதியை நீரே தாங்கிவிடுகின்றது. நீருக்கு மேல் எழும் தலையும் தோளுமே பலகையின் பாரம். 88 கிலோவுக்கென வாங்கிய பலகை 41 கிலோவுக்கு ஒரு கட்டில்போல் அமைந்தது. முழங்கால் உயர அலையொன்று வந்தது. மருமகன் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினான். நுரையின்மேல் அவள் கரைமணல் வரைக்கும் வழுக்கி வந்து, எழுந்து, வாயிற் புகுந்த உப்புநீரைத் துப்பிவிட்டு, மறுபடியும் ஓடினாள். அன்று அவள் எத்தனை தரம் வந்தாளென்று நாம் எண்ணவில்லை. வெயில் ஏறிக் கச்சான் வீசத் தொடங்கிய பின்னரே கரையேறச் சம்மதித்தாள். பலகையை வாங்கிய மருமகனோ காலைமுழுதும் தள்ளுவதிலேயே கழித்தான். அவனுடைய முகத்தில் வருத்தம் காணப்படவில்லை.

ஊர் திரும்பும்போது பலகையை எம்மிடமே விட்டுச் சென்றான். அது இப்போது நெல்மூடைகளுக்குப் பக்கத்திற் சாத்திக் கிடக்கின்றது. சென்ற மாதம் மீண்டும் ஒரு செய்தி வந்தது. இம்முறை அறுகம்பேக்குப் போகலாமென்றும், அங்கே பலகை வாடகைக்குக் கிடைக்குமென்றும், எனினும் எல்லோருடைய நிறையும் வேண்டுமென்றும் எழுதியிருந்தான். சங்கக்கடைத் தராசுக்குப் போனோம். மகள் 45 கிலோ, மகன் 61, நாம் 74. உயிர்காப்பு அங்கிக்கும் இந்த அளவு உதவுமென்று சொல்லித் துணைவியாரையும் அழைத்துச் சென்றிருந்தோம். அவர் தராசில் ஏறினார். முள்ளை எவரும் பார்க்கக்கூடாதென்று எம்மையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, இலக்கத்தைத் தாமே ஒரு கடதாசியில் எழுதி மடித்து, மருமகனுக்கு மாத்திரம் அனுப்பும்படி மகளிடம் கொடுத்தார்.